பிறப்புறுப்பு வழியாக வரும் வைரஸ்களை உடல் முதலில் எப்படி எதிர்கொள்கிறது?

கேள்வி இதுதான்: ஹெர்பிஸ் (கொப்புளப் புண் உண்டாக்குவது), எச்.பி.வி. (மருவும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் உண்டாக்குவது), எச்.ஐ.வி. போல உடலுறவு வழியாக வரும் வைரஸ்களை, தடுப்பூசி போடாத, முன் பழக்கமும் இல்லாத உடல் முதல் சில நாட்களில் எப்படி எதிர்க்கிறது? ஒரே மாதிரி ஆபத்தைச் சந்தித்த இரண்டு பேரில் ஒருவருக்குத் தொற்றி, இன்னொருவருக்குத் தொற்றாமல் போவது ஏன்? அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக் கழுவும் திரவமோ மாத்திரையோ உதவுமா?

மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சிகிச்சை எடுக்காத, எச்.ஐ.வி. உள்ள ஆணோடு ஆணுறை இல்லாமல் ஒருமுறை யோனி வழி உறவு கொண்டால், பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-க்கு 8 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. இதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். புண் இருந்தால், வேறு பால்வினை நோய் இருந்தால், அந்த ஆணுக்கு அப்போதுதான் தொற்றியிருந்தால், இந்த எண் பல மடங்கு ஏறும். ஒரே ஒரு தடவையில் தொற்றியவர்களும் உண்டு. ஆனாலும் இந்த எண்ணில் ஒரு செய்தி இருக்கிறது. வைரஸ் வந்து சேர்கிற பெரும்பாலான தடவைகளில் தோற்றுப் போகிறது. இன்னொன்றும் உண்டு. ஆண்-பெண் உறவில் தொற்றியவர்களின் ரத்தத்தில் உள்ள வைரஸ்களின் மரபணுவைப் படித்துப் பின்னோக்கிப் போனால், சுமார் 80 சதவீதம் பேருக்கு எல்லாமே ஒரே ஒரு வைரஸின் வம்சமாக இருக்கிறது. அத்தனை வைரஸ்கள் வாசல் வரை வந்தும் உள்ளே போய் வேர் பிடித்தது ஒன்றுதான். மற்றவற்றை நிறுத்தியது எது?

ஆன்டிபாடி கிடையாது, அது உருவாக வாரங்கள் ஆகும். பயிற்சி பெற்ற டி செல்களும் (குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளை அணுக்கள்) கிடையாது. முதல் நாட்களில் களத்தில் இருப்பது நாம் பிறக்கும்போதே கூட வந்த ஏற்பாடுதான். அதை உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்கிறோம். எதிரி யாரென்று பெயர் தெரியாமலேயே "இது நம்முடையது இல்லை" என்று மட்டும் அறிந்து வேலை செய்வது அது.

பிறப்புறுப்பில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொண்டையிலோ நுரையீரலிலோ அந்நியமாக எது வந்தாலும் விரட்டிவிடலாம். இங்கே அப்படி முடியாது. விந்தணுவும் அந்நியம்தான், அதை விட்டாக வேண்டும். கருவில் பாதி அப்பாவுடையது, அதைத் தாங்க வேண்டும். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கும் காவல் இங்கே உதவாது. இந்த இடத்தின் எதிர்ப்பு பெரும்பாலும் அமைதியாக இருந்தே காக்கிறது. இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் சுவர். யோனியின் உட்சுவரில் தட்டையான செல்கள் 20-க்கும் மேற்பட்ட அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலடுக்குச் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், ஒட்டிய வைரஸும் அவற்றோடு போய்விடும். கருப்பை வாய்க்குள் போனால் நிலைமை மாறுகிறது. அங்கே ஒரே ஒரு அடுக்குதான். பல அடுக்கும் ஓரடுக்கும் சந்திக்கும் அந்த விளிம்புதான் எச்.பி.வி.க்கு மிகவும் வசதியான இடம், கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். சுவரின் தடிமனைத் தீர்மானிப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்ற பிறகு சுவர் மெலிந்து எளிதில் கீறல் விழுவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோன் வகைக் கருத்தடை ஊசி போட்டால் சுவர் மெலிந்து ஹெர்பிஸ் எளிதாகத் தொற்றும். ஆய்வகங்களில் அந்தச் சோதனைக்கு எலிகளைத் தயார் செய்வதே அப்படித்தான். அதே ஊசி பெண்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டுமோ என்ற பயம் பல வருடங்கள் இருந்தது. எஸ்வாட்டினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் 7,800-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அந்த ஊசிக்கும் காப்பர்-டி போன்ற மற்ற முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் எதுவும் அதில் தெரியவில்லை. எலியில் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்திப் பேசக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சுவரின் மேல் சளிப்படலம். நம் ஊரில் வெள்ளைப்படுதல் என்றாலே நோய், உடம்பு உருகிப் போகிறது என்று பயப்படுகிறவர்கள் இன்னும் நிறைய. வாடை, அரிப்பு, நிற மாற்றம் எதுவும் இல்லாத வெள்ளைப்படுதல் நோயே இல்லை, அது காவல் வேலையின் ஒரு பகுதி. அந்தச் சளியில் மியூசின் என்ற நீண்ட புரத இழைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அமிலத்தன்மை சரியாக இருக்கும்போது எச்.ஐ.வி. துகள்கள் அந்த வலையில் சிக்கி நகர முடியாமல் நிற்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் சுவர்ச் செல்கள் கிளைகோஜனைச் சேமிக்கின்றன. செல் உதிரும்போது அந்த மாவுச்சத்து வெளியே வருகிறது. அதைத் தின்று லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள், அதாவது தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள். பி.எச். அளவு 3.5 முதல் 4.5 வரை இறங்குகிறது (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). இந்த அமிலத்தில் எச்.ஐ.வி.யும் ஹெர்பிஸ் வைரஸும் செயலிழப்பதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். விந்து லேசான காரத்தன்மை கொண்டது, அது வந்ததும் சில மணி நேரத்துக்கு இந்த அமிலம் அடங்கிவிடும். ஆகவே அமிலத்தை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் செய்வது அமிலத்தோடு நிற்பதில்லை. அவை இருக்கும்வரை அந்தத் திசு அமைதியாக இருக்கிறது.

எல்லா லாக்டோபேசிலஸும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிரிஸ்பேட்டஸ் என்ற வகை நல்ல காவலாளி. இனெர்ஸ் என்ற வகை அரைகுறைக் காவல்தான். இரண்டுமே குறைந்து கார்ட்னரெல்லா போன்ற காற்றில்லாச் சூழல் பாக்டீரியாக்கள் பெருகினால் மீன் வாடையோடு சாம்பல் வெள்ளையாகப் படும். அதைப் பாக்டீரியல் வஜினோசிஸ் என்பார்கள். அது இருக்கும் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே இளம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. பலவகைக் காற்றில்லாப் பாக்டீரியாக்கள் நிறைந்திருந்த பெண்களுக்கு, கிரிஸ்பேட்டஸ் நிறைந்தவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் எச்.ஐ.வி. ஆபத்து இருந்தது. கிரிஸ்பேட்டஸ் நிறைந்திருந்த பெண்களில் அந்த ஆய்வுக் காலத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

அதே ஊரில் இன்னொரு கதை. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை ஜெல்லாகச் செய்து பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவில் எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைந்திருந்தது, ஹெர்பிஸும் பாதியளவு குறைந்தது. ஏன் 39-ல் நின்றது? பிறகு அந்தப் பெண்களின் மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பாக்டீரியா வாரியாகப் பிரித்தார்கள். லாக்டோபேசிலஸ் நிறைந்தவர்களிடம் பயன் 61 சதவீதம், மற்றவர்களிடம் 18 மட்டுமே. கார்ட்னரெல்லா அந்த மருந்தையே சிதைத்துக்கொண்டிருந்தது! எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தினமும் விழுங்கும் தடுப்பு மாத்திரைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வீண் குழப்பம் வரும்.

ஆண்களைப் பற்றி. முன்தோலின் உட்புறம் மென்மையானது, ஈரப்பதமானது, அங்கே நோயெதிர்ப்பு செல்கள் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கின்றன, காற்றில்லாச் சூழல் பாக்டீரியாக்களும் வளர்கின்றன. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளிலும் நடந்த ஆய்வுகளில், முன்தோலை அகற்றிய ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்தது. உகாண்டா ஆய்வில் ஹெர்பிஸ் 28 சதவீதம் குறைந்தது. எச்.பி.வி.யும் குறைந்தது.

சரி, சுவரைத் தாண்டி வைரஸ் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடையில் டிஃபென்சின், லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற சுரப்புகள் தங்களால் ஆனதைச் செய்யும். ஆனால் உண்மையான திருப்பம் செல்லுக்குள் நடக்கிறது. செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே டி.என்.ஏ. கிடந்தால் அது திருடன் போட்டுவிட்டுப் போன செருப்பு மாதிரி. சிகாஸ் என்ற புரதம் அதைக் கண்டுபிடித்து ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்துக்குச் சொல்லும். வெளியிலிருந்து விழுங்கியதைச் சோதிக்க டோல் ஏற்பிகள் என்ற உணரும் புரதங்கள் இருக்கின்றன. பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் செல் என்ற ஒரு வகைச் செல், டோல்-9 ஏற்பி வழியாக ஹெர்பிஸின் டி.என்.ஏ.வை அடையாளம் காணும். எல்லா எச்சரிக்கையும் போய் முடிவது ஒரே இடத்தில்: இன்டர்ஃபெரான்.

1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் இதைக் கண்டுபிடித்தார்கள். வைரஸின் வேலையில் குறுக்கிடுகிறது என்பதால் அந்தப் பெயர். பாதிக்கப்பட்ட செல் சாவதற்கு முன்னால் அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. தகவல் கிடைத்த செல்லில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஒன்று புரத உற்பத்தியையே நிறுத்தும். ஒன்று ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கும். டெத்தரின் என்ற ஒன்று, வெளியேறப் பார்க்கும் புது வைரஸைச் செல்லின் தோலோடு கட்டிப்போடும். எச்.ஐ.வி.யில் இதன் முக்கியத்துவம் தெளிவாகத் தெரிகிறது. தொற்றி வேர் பிடிக்கும் அந்த ஒற்றை வைரஸ், கொடுத்தவரின் உடலில் இருந்த மற்ற வைரஸ்களைவிட இன்டர்ஃபெரானைத் தாங்கும் திறன் அதிகம் உள்ளதாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்டர்ஃபெரான் என்ற சல்லடையில் தப்பியதுதான் உள்ளே போகிறது.

பிறப்புறுப்புக்கென்றே ஒரு தனி இன்டர்ஃபெரான் உண்டு, எப்சிலான் என்று பெயர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-ல் அதன் வேலையை விளக்கினார்கள். மற்ற இன்டர்ஃபெரான்கள் எதிரி வந்த பிறகு சுரக்கும். இது எதிரி வராதபோதும் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் எப்போதும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும், ஹார்மோனுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இது இல்லாத எலிகளுக்கு ஹெர்பிஸும், கிளமீடியா என்ற பால்வினை பாக்டீரியாவும் கடுமையாகத் தாக்கின. மணி அடித்து ஊரைக் கூட்டாமல், வாசலில் எப்போதும் எரிகிற விளக்கு மாதிரி இது.

அடுத்தது இயற்கைக் கொலை செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஹெர்பிஸ் ஒரு தந்திரம் செய்யும். செல்கள் தங்களுக்குள் நடப்பதைத் துண்டு துண்டாக வெளியே காட்டுவது வழக்கம், டி செல்கள் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். ஹெர்பிஸின் ஒரு புரதம் அந்தக் காட்சிப்பலகையையே மறைத்துவிடும். டி செல் ஏமாறும். ஆனால் இயற்கைக் கொலை செல் பலகை இல்லாததையே குற்றமாக எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஒளிந்தால் இன்னொரு பக்கம் மாட்டும். இந்தச் செல்கள் அறவே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி 1989-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். மற்ற எதிர்ப்பு பெரும்பாலும் இருந்தும், சின்னம்மை முதல் ஹெர்பிஸ் வரை, ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் பல அவளைக் கடுமையாகத் தாக்கின.

இவ்வளவு இருந்தும், பெரும்பாலும் பிறப்புறுப்பைத் தாக்கும் வகையான ஹெர்பிஸ்-2 உலகில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 50 கோடிப் பேரிடம் இருக்கிறது. பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். காரணம் வேகம். தோலில் சண்டை நடக்கும்போதே அது நரம்பு முனைக்குள் நுழைந்து முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளுக்குப் போய் ஒளிந்துவிடும். அங்கிருந்து அதை யாரும் வெளியேற்ற முடிவதில்லை. முதல் சுற்றில் காவல் எவ்வளவு வைரஸை நிறுத்துகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் நரம்புக்குள் போகும் என்பதே நமக்குக் கிடைக்கும் லாபம்.

எச்.பி.வி. வேறு வழி பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகச் சுவரின் அடிச் செல்லுக்குப் போகிறது. செல்லைக் கொல்வதில்லை, ரத்தத்தில் கலப்பதில்லை, அழற்சி உண்டாக்குவதில்லை. செல் மேலே ஏறி எப்படியும் உதிரப் போகிற கட்டத்தில்தான் தன் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. இன்டர்ஃபெரான் சங்கிலியில் உள்ள ஒரு புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. யாரும் சாகவில்லை, சத்தமும் இல்லை, ஆகவே காவல் வெகு தாமதமாகவே விழிக்கிறது. அப்படியும் பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடுகின்றன. காவலை நாமே எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இமிக்விமாட் களிம்பு சாட்சி. 1997-ல் அமெரிக்காவில் பிறப்புறுப்பு மருக்களுக்கு அனுமதி பெற்ற இந்த மருந்து வைரஸைத் தொடுவதே இல்லை. டோல்-7 ஏற்பியைத் தட்டி எழுப்பும், அந்த இடத்தில் இன்டர்ஃபெரான் சுரக்கும், மரு சிவந்து எரிந்து உதிரும். டாக்டர் சொல்லாமல் யாரும் தடவிக்கொள்ள வேண்டாம்.

எழுப்பினால் நல்லதுதானே, எப்போதும் எழுப்பியே வைக்கலாமே? இங்கேதான் எச்.ஐ.வி. எல்லாக் கணக்கையும் குலைக்கிறது. அதற்குத் தேவையான இரை விழித்த நிலையில் இருக்கும், சி.டி.4 என்ற வகை டி செல்கள். அபாய மணி அடித்தால் ஓடி வருவது அந்தச் செல்கள்தான். தீயணைக்க வருகிறவர்களே விறகாகிப் போகிறார்கள். டர்பன் ஜெல் ஆய்வில் பிறப்புறுப்பில் அழற்சி அறிகுறிகள் இருந்த பெண்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அவர்களில் பலருக்கு வெளியே எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குரங்குகளிடம் 2009-ல் காட்டினார்கள்: உணவிலும் அழகுப் பொருள்களிலும் சேர்க்கப்படும் ஒரு சாதாரணக் கொழுப்புப் பொருளைத் தடவி அந்த அபாய மணியை அடக்கினால், அதிக அளவில் வைரஸை வைத்தும் குரங்குகளுக்குத் தொற்று வேர் பிடிக்கவில்லை.

இதன் மறுபக்கம் வேதனையானது. நோனாக்ஸினால்-9 என்ற விந்தணுக்கொல்லி ஆய்வகக் கண்ணாடியில் எச்.ஐ.வி.யைக் கொன்றது. நம்பிக்கையோடு ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சோதித்தார்கள். 2002-ல் வந்த முடிவு: மருந்து இல்லாத ஜெல்லைப் பயன்படுத்தியவர்களைவிட, இதை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்.ஐ.வி. அதிகம் தொற்றியிருந்தது. அது வைரஸோடு சேர்த்துச் சுவரையும் அரித்தது. ஹெர்பிஸும் இப்படித்தான் கதவு திறக்கிறது. ஹெர்பிஸ்-2 உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்து சுமார் மூன்று மடங்கு. அசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தைக் கொடுத்துப் புண்களை அடக்கினால் ஆபத்து குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 2008-ல் வந்த பெரிய ஆய்வுகளில் குறையவில்லை. அடுத்த வருடம் காரணம் தெரிந்தது. புண் ஆறிய இடத்துத் தோலில், மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோதும், சி.டி.4 செல்கள் வாரக்கணக்கில் கலையாமல் நின்றன.

நைரோபியின் பும்வானி பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களை 1985 முதல் கவனித்து வந்தார்கள். பல வருடம் ஆபத்தில் இருந்தும் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றவே இல்லை. அவர்களிடம் ஆவேசமான எதிர்ப்பு இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். பார்த்தால், அவர்களுடைய டி செல்கள் மற்றவர்களுடையதைவிட அடங்கி இருந்தன. எலாஃபின் என்ற, அழற்சியைத் தணிக்கும் சுரப்பும் அவர்களிடம் அதிகம். ஒருவருக்குத் தொற்றி இன்னொருவருக்குத் தொற்றாமல் போவது ஏன் என்று கேட்டீர்களே, பதிலின் பெரும்பகுதி இதுதான்: யாருடைய சுவரில் கீறல் இருந்தது, எந்தப் பாக்டீரியா இருந்தது, அன்றைக்கு அந்தத் திசு எவ்வளவு கொதித்துக்கொண்டிருந்தது, எதிராளியிடம் எவ்வளவு வைரஸ் இருந்தது. இவற்றில் எதுவும் ஒருவருடைய ஒழுக்கத்துக்கான சான்றிதழ் இல்லை. தொற்றியவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதை நிறுத்தினால் பாதிப் பேர் நேரத்தோடு மருத்துவரிடம் வருவார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. கழுவும் திரவம் வேண்டாம். யோனிக்குள் சோப்பு, கிருமிநாசினி கலந்த தண்ணீர், வாசனைத் திரவம் எதையும் விடாதீர்கள், மேலே சொன்ன நல்ல பாக்டீரியாக்களைத்தான் அது கழுவிக் கொண்டுபோகும். வெளிப்புறத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். எதிர்ப்புச் சக்தி மாத்திரை என்று விற்பது எதுவும் இந்த இடத்துக்கு உதவுவதாக நிரூபிக்கப்படவில்லை, தயிரை உள்ளே தடவுவதும் அப்படியே. மீன் வாடை, சாம்பல் நிறப் படுதல் இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக் கேட்கும், ஆனால் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும். 2025-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தபோது திரும்பி வருவது 63 சதவீதத்திலிருந்து 35-ஆகக் குறைந்தது. இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கூச்சப்படாமல் இருவருமாகப் போய்ப் பாருங்கள். ஆணுறை வைரஸை மட்டும் தடுப்பதில்லை, விந்து அமிலத்தை அடக்குவதையும் தடுக்கிறது. எச்.பி.வி. தடுப்பூசி, அந்த வைரஸின் சத்தமில்லாத தந்திரத்தை முன்கூட்டியே முறியடிக்கிறது, உறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டால் நல்லது.

எச்.ஐ.வி. ஆபத்து ஏற்பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். நேரம் ஆக ஆகப் பயன் குறையும். அந்த மூன்று நாள் கணக்குக்கும் இந்தப் பதிலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முதல் சில நாட்கள் வைரஸ் நுழைந்த இடத்தில் ஒரு சில செல்களோடுதான் இருக்கும், அதற்குப் பிறகுதான் நிணநீர் முடிச்சு வழியாக உடம்பெங்கும் பரவும். உடலின் காவல் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் மாத்திரை போய்ச் சேர வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்திலோ அவசரப் பிரிவிலோ உடனே போய்க் கேளுங்கள்.